மேலே போகிறோமா, கீழே போகிறோமா?

கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங் பக்கம் எம்ஆர்ஆர்2 சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய கூத்து. தலைக்கு மேலே சுக்கே விரைவுச்சாலை, கீழே நாம். கைப்பேசிக் குரல் "எண்ணூறு மீட்டரில் இடப்பக்கம் வெளியேறவும்" என்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் இடப்பக்கம் தூண்தான் நிற்கிறது. அந்த வெளியேறும் வழி மேலே ஓடும் சாலைக்குச் சொந்தமானது.

செயலியைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம். திறந்த வானத்தின் கீழ் ஒரு நல்ல கைப்பேசியின் ஜிபிஎஸ் பிழை 3 முதல் 5 மீட்டர். அது பக்கவாட்டுப் பிழை. உயரத்தில் பிழை அதைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு. செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, பூமிக்கு அடியில் ஒன்றும் இல்லை. அதனால் உயரத்தை இரண்டு பக்கமிருந்தும் சரிபார்க்க வழியில்லை. பத்து மீட்டர் உயரத்தில் ஒரு சாலை, தரையில் ஒரு சாலை, அளவுகோலின் பிழையே ஏறக்குறைய பத்து மீட்டர் என்றால் அந்த அளவுகோலை வைத்து எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? அதற்கு மேல் கான்கிரீட் கூரை வேறு. சிக்னல் தூணில் பட்டுத் தெறித்து வந்தால் பிழை 30 மீட்டரைத் தாண்டும்.

ஆகவே செயலி உயரத்தை நம்புவதில்லை. நீங்கள் எந்த இடத்தில் ஏறுபாதையில் திரும்பினீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறது. சிக்கல் பிறப்பது அந்த ஏறுபாதையின் வாயில்தான். முதல் ஐம்பது மீட்டருக்கு இரண்டு கோடுகளும் ஒரு தடத்தின் அகலம்தான் விலகியிருக்கும், அது பிழைக்குள் அடங்கிவிடும். அங்கே கணிப்பு தவறினால், இரண்டு சாலைகளும் நன்றாகப் பிரியும்வரை தவறாகவே இருக்கும். சுக்கேபோல் ஒன்றின் மேல் ஒன்று ஓடும் சாலை சீக்கிரம் பிரிவதில்லை.

வந்துவிழும் புள்ளிகளைச் சாலைக் கோட்டோடு ஒட்டவைக்கும் இந்த வேலைக்கு வரைபடப் பொருத்தம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இது ஜிபிஎஸ்ஸைவிடக் காரில் முதலில் ஏறிய சங்கதி. வரைபட நிறுவனங்களின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

1985இல் கலிபோர்னியாவில் ஈட்டாக் என்ற நிறுவனம் ஒரு கருவியை விற்பனைக்கு விட்டது. நிறுவியவர் ஸ்டான் ஹனி, பாய்மரப் படகோட்டியும் பொறியாளருமானவர். பணம் போட்டவர் அட்டாரி விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கிய நோலன் புஷ்னல். ஈட்டாக் என்பது பசிபிக் தீவுக் கடலோடிகளின் திசையறியும் முறையிலிருந்து எடுத்த பெயர். அந்த முறையில் படகு அசையாமல் நிற்பதாகவும் தீவுகள்தான் நகர்ந்து வருவதாகவும் வைத்துக்கொள்வார்கள். ஈட்டாக் திரையிலும் கார் நடுவில் அசையாமல் நிற்கும், தெருக்கள் அதைச் சுற்றித் திரும்பும். இன்றுவரை எல்லாச் செயலியும் அப்படித்தான் காட்டுகிறது.

அதில் செயற்கைக்கோள் கிடையாது. சக்கரங்களில் சுழற்சியை எண்ணும் உணரி, ஒரு மின்காந்தத் திசைகாட்டி, தெருக்களின் கோட்டு வரைபடம், அவ்வளவுதான். எத்தனை சுற்று, எந்தத் திசை என்று கூட்டிக்கொண்டே போனால் இடம் தெரியும். ஆனால் சறுக்கல், டயரின் காற்றழுத்தம், இரும்புப் பாலம் என்று பிழையும் கூடிக்கொண்டே போகும். ஈட்டாக்கின் சூட்சுமம், கார் ஒரு சந்தியில் திரும்பியதும் "இந்த இடத்தில் திரும்ப இந்த ஒரு தெருதான் உண்டு" என்று வரைபடத்தைப் பார்த்து அந்தப் பிழையைப் பூஜ்யமாக்கிவிடுவது. வரைபடம் அங்கே படமாக இருக்கவில்லை, அளவுக் கருவியின் ஒரு பாகமாக வேலை செய்தது. தரவு ஒலிநாடாப் பேழையில் வந்தது, ஒரு பேழைக்கு ஏறக்குறைய 3.5 எம்பி. பெரிய நகரம் என்றால் பேழை மாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும். விலை ஏறக்குறைய 1,500 அமெரிக்க டாலர். யார் வாங்குவார்கள்? அதிகம் பேர் வாங்கவில்லை. ஆனால் கருவியை விற்பதைவிட அதற்குள் போகும் தரவை விற்பதில்தான் தொழில் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1989இல் நியூஸ் கார்ப்பரேஷன், 1996இல் சோனி, 2000இல் டெலி அட்லஸ் என்று ஈட்டாக் கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொருவரும் வாங்கியது அந்தக் கோடுகளை.

டெலி அட்லஸ் 1984இல் நெதர்லாந்தில் தொடங்கியது. பின்னாளில் நேவ்டெக் என்று பெயர் மாறிய நிறுவனம் 1985இல் கலிபோர்னியாவில். இருபது ஆண்டுகளுக்கு உலகக் கார்களுக்குள் இருந்த வரைபடம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். டேஷ்போர்டில் எந்தக் கார் நிறுவனத்தின் முத்திரை இருந்தாலும் சரி.

இவர்கள் விற்ற சரக்கு எது என்று புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். ஒரு சந்தி என்பது ஒரு புள்ளி. இரண்டு சந்திகளுக்கு இடைப்பட்ட சாலைத்துண்டு ஒரு இணைப்பு. அந்த இணைப்பின் மேல் ஒட்டப்படும் குறிப்புகளில்தான் பணம் இருக்கிறது. ஒருவழியா, எந்தத் திசையில், வேக வரம்பு என்ன, எத்தனை தடம், மேலே எந்தத் தளம், லாரி போகலாமா, பலகையில் என்ன எழுதியிருக்கிறது, இந்த இணைப்பிலிருந்து அந்த இணைப்புக்கு வலப்பக்கம் திரும்பலாமா. இப்படி ஒரு இணைப்புக்கு இருநூறுக்கும் மேற்பட்ட குறிப்புகள் வரை போகும். விண்ணிலிருந்து எடுத்த படத்தில் சாலை தெரியும், "வலப்பக்கம் திரும்பாதே" என்ற பலகை தெரியாது. அதற்காகத்தான் இரண்டு பேர் காரில் போனார்கள், ஒருவர் ஓட்ட, மற்றவர் குறிக்க. ஊர் ஊராக, தெருத் தெருவாக. செலவு முழுதும் அதில்தான்.

2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நிறுத்தியது. அதற்கு முன் பொதுமக்கள் கருவியில் 100 மீட்டர்வரை தள்ளிக் காட்டும். கோலாலம்பூரில் ஜாலான் துன் எச்.எஸ். லீக்கும் பெட்டாலிங் ஸ்திரீட்டுக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம். அன்றிரவோடு அது பத்து, இருபது மீட்டராகச் சுருங்கியது. கண்ணாடியில் ஒட்டும் கருவிகளுக்கு உயிர் வந்தது. கார்மின், 2004இல் டாம்டாம் கோ, தைவானிலிருந்து பாப்பாகோ என்று வரிசையாக வந்தன.

கருவி வந்தது, நம் ஊருக்கு வரைபடம்? அங்கேதான் தன்னார்வலர்கள் நுழைந்தார்கள். மால்ஃப்ரீமேப்ஸ், மால்சிங்மேப்ஸ் என்ற இரு குழுக்கள் கார்மின் கருவிகளுக்கு இலவச வரைபடம் செய்தன. சொந்தக் காரில் போய்ப் பதிவான தடங்களைக் கொண்டுவந்து, கணினியில் அதன் மேல் கோடு இழுத்து, ஒரே கோப்பாகத் தொகுத்து, எஸ்டி அட்டையில் 'கார்மின்' என்ற கோப்புறைக்குள் போட்டால் கருவி அதைத் தன் வரைபடமாக எடுத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய அட்டையில் இல்லாத புதுத் தாமான் குடியிருப்புகள் இதில் இருந்தன.

அச்சுத் தாளின் மேல் தடம் பிடித்து வரைந்தால் சுலபமாயிற்றே என்று தோன்றும். அங்கே ஒரு குழி உண்டு. தீபகற்ப மலேசியாவின் பழைய நில அளவைத் தாள்கள் கெர்தாவ் 1948 என்ற, இடத்தை அளக்கும் அடிப்படையில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் வேறு அடிப்படையில் கணக்கிடுகிறது. மாற்றக் கணக்குப் போடாமல் தாளிலிருந்து எடுத்தால் ஊரே நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி உட்காரும். கோடுகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியிருக்கும், கார் மட்டும் ஆற்றில் ஓடும். காரில் போய் எடுத்த தடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

அந்தக் கார்மின் மூலக்கோப்பில் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு வரி உண்டு, பன்னிரண்டு எண்கள் கொண்டது. முதல் எண் வேகப் பிரிவு, 0 முதல் 7 வரை. இரண்டாவது சாலையின் தகுதி, 0 முதல் 4 வரை. மூன்றாவது ஒருவழியா, நான்காவது டோலா. மீதமுள்ளவை யாருக்குத் தடை என்பதைச் சொல்லும்: கார், பேருந்து, டாக்சி, நடப்பவர், சைக்கிள், லாரி இத்யாதி. பார்ப்பதற்கு அற்பம். ஆனால் முக்கால்வாசிப் புகார்கள் இந்த வரியில்தான் முடியும்.

தகுதி எண்ணை எடுத்துக்கொள்வோம். கருவியின் மூளை சிறியது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு வழி கேட்டால் அது எல்லாச் சந்துகளையும் பார்க்காது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் மட்டும் சின்னச் சாலைகளைப் பார்த்துவிட்டு, நடுவில் தகுதி 4 சாலைகளை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். நெடுஞ்சாலையில் இருநூறு மீட்டர் துண்டு ஒன்றுக்கு யாரோ கைதவறி 1 என்று போட்டுவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். கருவி அந்த இடத்தில் சாலையே இல்லை என்று முடிவு செய்து எங்கோ சுற்றிக்கொண்டு போகச் சொல்லும். திரையில் பார்த்தால் கோடு முழுசாகத்தான் இருக்கும், அதனால் கண்ணுக்குப் பிழை தெரியாது. இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க நல்ல வழி, நெடுந்தூர வழியைப் பாதிப்பாதியாக வெட்டிக் கேட்டுப் பார்ப்பது. எந்தப் பாதியில் கோணல் வருகிறதோ அதை மறுபடி வெட்ட வேண்டும். ஏறக்குறைய பத்து முறையில் அந்தத் துண்டு அகப்பட்டுவிடும்.

சந்திப்புள்ளி இன்னொரு வம்பு. இரண்டு சாலைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பொதுப்புள்ளி வைக்க மறந்தால், கருவிக்கு அங்கே திரும்ப வழியில்லை. மேம்பாலத்துக்கு அடியில் தெரியாமல் பொதுப்புள்ளி வைத்துவிட்டால், பாலத்திலிருந்து கீழே குதிக்கச் சொல்லும். கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கப்பாதைபோல் ஈரடுக்குச் சாலையில் போகும் திசையும் வரும் திசையும் ஒரே இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும், தள எண் மட்டுமே வித்தியாசம். அது போதாதென்று, பெருமழைக்கு அந்தச் சுரங்கத்தை மூடி வெள்ளத்தை விடுவார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் கனரக வாகனத்துக்கும் எப்போதுமே அனுமதி இல்லை. 2007இல் திறந்த ஒரே ஒரு சாலையில் வரைபடக்காரனுக்கு வேண்டிய எல்லாச் சோதனையும் இருக்கிறது.

டோலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்ட வெளிநாட்டு வரைபடங்கள் பணத்தையும் நேரத்தையும் சேர்த்தே வீணாக்கும். பிளஸ் நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் நுழையும்போது அட்டை, வெளியேறும்போது தூரத்துக்குக் கட்டணம். அங்கே சாலை முழுவதையும் டோல் என்று குறிப்பது சரி. எல்டிபி எனும் டாமன்சாரா-பூச்சோங் விரைவுச்சாலை அப்படியில்லை. பூச்சோங், பெட்டாலிங் ஜெயா, பெஞ்சாலா என்று குறிப்பிட்ட இடங்களில் சாவடி, சாவடிகளுக்கு இடையில் எவ்வளவு ஓடினாலும் இலவசம். சாலை முழுவதையும் டோல் என்று குறித்தால், "டோலைத் தவிர்" என்று அமைத்தவரைச் செயலி இலவசப் பகுதியிலும் ஏற விடாது. உள்தெருக்களில் விளக்குக்கு விளக்கு நிறுத்தும். டோல் குறிப்பு சாவடி நிற்கும் சிறு துண்டில் மட்டும் இருக்க வேண்டும். பினாங்குப் பாலத்தில் அதற்குத் திசையும் சேரும், தீவுக்குள் போகும்போது மட்டும்தான் கட்டணம். 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு அதுவும் இல்லை. ஒரு சாவடிக்குத் திசை, வண்டி வகை, தேதி என்று மூன்று குறிப்பு. பட்டர்வொர்த் ஃபெரியும் அதே கதைதான். 2021 ஜனவரி 1 முதல் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிள் போகலாம். வரைபடத்தில் கடல் மேல் போகும் அந்தக் கோட்டை அழிக்கக் கூடாது, 'கார்' என்ற ஒரே கட்டத்தை மட்டும் மாற்ற வேண்டும். பழைய வரைபடம் ஏற்றிய கார்க் கருவிகளுக்கு அந்தக் கோடு இன்னும் கார் ஏறும் வழிதான்.

பெயர்கள். பெட்டாலிங் ஜெயாவின் செக்‌ஷன் 17இல் ஜாலான் 17/1. சுபாங் ஜெயாவில் ஜாலான் எஸ்எஸ் 17/1. ஷா ஆலாமிலும் ஒரு செக்‌ஷன் 17, அங்கும் தெருப்பெயருக்குப் பின்னால் 17/ என்று எண்கள். கல்யாண அழைப்பிதழில் "எஸ்எஸ்" விட்டுப்போனால் தாலி கட்டும் நேரத்துக்கு நாம் வேறு நகரத்தில் நிற்போம். ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதி 2014இல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆனது. அதே பெயரில் பினாங்கு பாயான் லெப்பாஸிலும் சாலை உண்டு. நம்மவர்களோ இன்னும் "ஈப்போ ரோடு மூணாங்கட்டை" என்றுதான் சொல்வார்கள். மைல்கல் போய் எவ்வளவோ காலமாயிற்று, கட்டை மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. பினாங்கில் நாம் தண்ணீர்மலை என்று சொல்லும் இடம் ஆங்கிலத்தில் அருவிச் சாலை, பலகையில் பூந்தோட்டம் என்று பொருள்படும் ஜாலான் கெபுன் பூங்கா. மூன்றும் ஒரே தெரு. நல்ல வரைபடத் தரவில் ஒரு சாலைக்கு அதிகாரப்பூர்வப் பெயர் ஒன்றும் மாற்றுப் பெயர்கள் பலவும் வைக்க இடம் இருக்கும். அதை நிரப்பக் கள ஆளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். கார் ஓட்டிப் போனால் பலகைதான் கிடைக்கும்.

இவ்வளவையும் சம்பளம் கொடுத்துச் சேகரித்த இரு நிறுவனங்களின் விலை 2007, 2008இல் உச்சத்துக்குப் போனது. டாம்டாம், கார்மினோடு போட்டி போட்டு, டெலி அட்லஸை 2.9 பில்லியன் யூரோவுக்கு வாங்கியது. நோக்கியா நேவ்டெக்கை 8.1 பில்லியன் டாலருக்கு. மறு ஆண்டே, 2009 அக்டோபரில், கூகுள் கைப்பேசியில் திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டுதலை இலவசமாகக் கொடுத்தது. அதே மாதம் அமெரிக்காவுக்கு டெலி அட்லஸ் தரவை விட்டுத் தன் சொந்தத் தரவுக்கு மாறிக்கொண்டது. கார்மின், டாம்டாம் பங்குகள் விழுந்தன. நேவ்டெக்கின் வாரிசான ஹியர், 2015இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் கூட்டணிக்கு 2.8 பில்லியன் யூரோவுக்குப் போனது. வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. தரவு கெட்டுப்போகவில்லை, அதைச் சேகரிக்கும் செலவு வேறொருவருக்குப் பூஜ்யத்தை நெருங்கிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பேர் சம்பளத்துக்குக் காரில் போய்ப் பார்த்ததை இப்போது வழி கேட்பவரே ஓட்டிக் காட்டிவிடுகிறார். ஆயிரம் கைப்பேசிகள் ஒரே திசையில் மட்டும் ஓடினால் அது ஒருவழிச் சாலை. வரைபடத்தில் காலி நிலமாக இருக்கும் இடத்தில் வண்டிகள் ஓடினால் புதுச் சாலை திறந்தாயிற்று.

2013இல் கூகுள் ஏறக்குறைய ஒரு பில்லியன் டாலருக்கு வாங்கிய வேஸ் என்ற செயலி அந்த வழியை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரில் அது வேரூன்றியதற்குக் காரணம் அதிகம் தேட வேண்டியதில்லை. இங்கே ஒரு யூ-டர்னைத் தவறவிட்டால் அடுத்தது பல கிலோமீட்டர் தாண்டித்தான். சாலைப்பணிக்காக ஒரு வளைவை இரவோடு இரவாக மாற்றுவார்கள். ஆண்டுக்கு நான்கு முறை தரவு வெளியிடுகிற நிறுவனம் இந்த ஊருக்குச் சரிப்படாது.

ஆனால் கூட்டத்தின் கண்ணுக்கும் குருட்டுப்புள்ளி உண்டு. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவில் வெள்ளி ரதம் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து பத்துமலைக்குப் புறப்படுகிறது. ரதம் நகர நகர, முன்னால் சாலையை அடைத்து, பின்னால் திறந்துகொண்டே போவார்கள். அடைத்த சாலையில் கார் இல்லை, ஆகவே நெரிசல் தகவலும் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் கணினி பழைய சராசரி வேகத்தை நிரப்பிக்கொள்ளும், அந்தச் சாலை பச்சையாகத் தெரியும், சுற்றியிருக்கும் எல்லாரையும் அதற்குள் அனுப்பும். இதற்கு எதிர்ப்புறத்தில், நடந்து போகும் பக்தர்களின் கைப்பேசிகளைக் காரென்று எண்ணிவிட்டால் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நெரிசல். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தாலும், அடைப்பைக் கையால் பதிகிற உள்ளூர்த் தொகுப்பாளர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அடைப்பைத் துண்டு துண்டாக, திசையோடு, தொடங்கும் முடியும் நேரத்தோடு போட வேண்டும். சாலை முழுதும் ஒரே வீச்சில் அடைத்தால் குறுக்கே கடப்பதும் செத்துப்போகும். மோட்டார் சைக்கிளும் இதே வகைக் குழப்பம்தான்: நெரிசலில் இடுக்கில் நுழைந்து போகிறவரின் வேகம் சராசரியில் கலந்தால், கார்காரருக்குச் சாலை உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

2012இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்று தொடங்கிய வாடகைக்கார் நிறுவனமான கிராப், பின்னாளில் தன் ஓட்டுநர்களின் தடங்களையும் எல்லாரும் தொகுக்கும் ஓபன்ஸ்திரீட்மேப்பையும் வைத்துச் சொந்த வரைபடம் கட்டி, 2022இல் அதை மற்ற நிறுவனங்களுக்கு விற்கவும் தொடங்கியது. இவர்களுக்கு வேண்டியது சாலையைவிட வாசல். பேரங்காடிக்கு எட்டு வாசல் இருந்தால் பயணி நிற்பது எதில்? பழைய நிறுவனங்கள் கட்டடத்தின் நடுவில் ஒரு புள்ளி குத்திவிட்டுப் போன இடம் இது.

பிழையை நீங்களே திருத்த நினைத்தால், "வரைபடம் தப்பு" என்று அனுப்பும் புகார் எங்கும் போய்ச் சேராது. எந்தச் சாலையிலிருந்து, எந்தச் சந்தியில், எந்தச் சாலைக்குத் திரும்ப முடியாது என்ற மூன்றும் வேண்டும். தடை நாள் முழுதுமா, சில மணி நேரமா என்பதும், பலகையின் படமும் வேண்டும் (படத்தைப் பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்). ஓபன்ஸ்திரீட்மேப்பில் நேரடியாகத் திருத்துவதானால், வரும் சாலை அந்தச் சந்திப்புள்ளியில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெட்டாமல் சந்தியைத் தாண்டி நீளும் கோட்டின் மேல் தடை போட்டால், தடை எந்தப் பக்கத்துக்கு என்று மென்பொருளுக்குத் தெரியாது, பேசாமல் ஒதுக்கிவிடும். ஒருவழி என்று குறிக்கும்போது கோடு எந்தத் திசையில் வரையப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன்போல ஒருவழியாக்கப்பட்ட சாலையில் அம்பு தலைகீழானால் வட்டாரமே முடங்கும்.

வண்டிப் பக்கத்திலும் ஒரு சோதனை செய்யலாம். புள்ளி எப்போதும் தத்தளித்தால் வரைபடத்தைக் குறை சொல்லும் முன் கண்ணாடியைப் பாருங்கள். உலோகம் கலந்த வெயில் தடுப்புப் படலம் ஜிபிஎஸ் சிக்னலைக் குறைக்கும். ஆண்ட்ராய்டு பிளேயர் பொருத்தும் கடைகளில் அதன் ஏரியலை டேஷ்போர்டுக்குள் இரும்புச் சட்டத்துக்கு அடியில் திணித்துவிடுவது உண்டு. அதைக் கண்ணாடிக்கு அருகே, தட்டையாக, மேல்நோக்கி ஒட்டினால் பாதிப் புகார் போய்விடும். கார்த் தயாரிப்பாளரே பொருத்திய கருவிக்குச் சக்கர உணரியின் உதவி இருக்கும், ஈட்டாக் செய்ததுபோலவே. சுரங்கத்துக்குள் கைப்பேசி கடைசி வேகத்தை வைத்து ஊகித்துக்கொண்டு போகையில் அது நிஜமாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

அம்பாங்கில் மேலேயா கீழேயா என்று செயலி தடுமாறும்போது, நிறுத்தி மறுபடி தொடங்குவதால் பயனில்லை. அதே இரண்டு கோடுகளில் ஒன்றை மறுபடி ஊகிக்கும். பலகையின் நிறத்தைப் பாருங்கள். இந்நாட்டு வழக்கப்படி விரைவுச்சாலைக்குப் பச்சை, மற்றச் சாலைகளுக்கு நீலம். நீலப் பலகை கண்ணில் படுகிறதென்றால் நீங்கள் கீழே இருக்கிறீர்கள். இரண்டு சாலைகளும் பிரியும்வரை குரலைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.